மலையெலி விசில்

அந்தக் குடும்பத்தில் தொலைபேசிக் கம்பி ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வந்திருந்தது. அது மூத்தவர் ஓமுர்பெக்கின் வீடு. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அவர் அங்கே கணக்கர். பண்ணை போனது, மாடுகள் போயின, டிராக்டர்கள் துருப்பிடித்து எடைக்குப் போயின. கம்பி மட்டும் நின்றது. அந்தக் கம்பியைத் தாமே நாரின் பட்டணத்திலிருந்து தோளில் இழுத்து வந்தது போல ஓமுர்பெக் ஊரில் நடமாடினார் என்று சொன்னால் அதில் பெரிய மிகை இல்லை.

இளையவன் அஷிம் ஒருநாள் தலைநகரச் சந்தையிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்தான். வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு திரிகிற சின்ன ரகம் இல்லை. மலை தாண்டாவிட்டாலும் மலை வரைக்கும் எட்டுகிற பெரிய ரகம். ஒரு பெட்டி, அதனுடன் செங்கல் கனத்தில் இரண்டு கருவிகள். பெட்டியை அண்ணன் வீட்டில் வயர் போனுக்குப் பக்கத்தில் வைத்தான். கூரைமேல் நீண்ட குழாயை நட்டு ஆண்டெனா கட்டினான். ஒரு கருவி தெருக்கோடியில் இருந்த நடு அண்ணன் ஜூமாலியின் வீட்டுக்கு, ஜூமாலியின் மனைவி புர்மாகானிடம் போனது. இன்னொன்று கோடை மேய்ச்சலுக்கு ஆடுகளோடு மலையேறும் ஜூமாலியின் கையில். பள்ளத்தாக்கின் வாய் மலையைப் பார்த்துத் திறந்திருந்ததால், குதிரையில் மூன்று மணி நேரம் போக வேண்டிய இடத்துக்குக் குரல் மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

அது வேலை செய்த விதத்தைப் புரிந்துகொள்ள யாரும் படித்திருக்க வேண்டியதில்லை, பட்டாலே போதும். கம்பியில் வரும் பேச்சைப் பெட்டி காற்றில் விடும். கருவியில் பேசுவதைக் காற்றிலிருந்து பிடித்துக் கம்பியில் விடும். இரண்டு கருவிக்கும் ஒரே அலைவரிசை, ஒரே எண். ஆகவே யார் பேசினாலும், கருவியைத் திறந்தவர் காதில் அது விழும். ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் திறந்தால் பெட்டி திணறிப்போகும். கிட்டத்தில் இருப்பவரின் குரலை எடுத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவரை உதறிவிடும். தூரத்தவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் இருப்பது ஒரு மெல்லிய விசிலாக மட்டுமே தெரியும்.

மேய்ச்சல் மலையில் ஆளைக் கண்டால் வளைவாசலில் நிமிர்ந்து நின்று விசிலடிக்கும் கொழுத்த மலையெலிகள் உண்டு. அதனால் குடும்பத்தில் அந்தச் சத்தத்துக்கு மலையெலி என்றே பேர். பேசிக்கொண்டிருக்கும்போது விசில் வந்தால், "மலையெலி வந்திருக்கு, யாருப்பா அது, வைய்யி" என்பார் ஓமுர்பெக். இரண்டு கருவிகளில் ஒன்று உடனே வாயை மூடிக்கொள்ளும். புருஷனோடு பேச வேண்டுமானால் புர்மாகான் தன் கருவியை அணைத்துவிட்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, மூத்தவர் வீட்டு வயர் போனில்தான் பேச வேண்டும்.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. வயர் போன் இருந்தது அறையின் தலைப்பக்கத்தில், வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் சாய்ந்து உட்காரும் இடத்தில். அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட இளைய மருமகள்கள் அங்கே கால் வைப்பதில்லை. இருபத்தாறு வருஷத்தில் புர்மாகான் ஒருமுறைகூட வைத்ததில்லை. மூத்தவர் மனைவி ஜூரா ரிசீவரை வயர் நீளும் மட்டும் நீட்டுவாள். புர்மாகான் வாசலோரம் குந்திக்கொண்டு, புருஷனுக்குக் கேட்க வேண்டியதையும் மூத்தவருக்குக் கேட்கக் கூடாததையும் ஒரே வாக்கியத்தில் பேசிப் பழகிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் காலையிலிருந்து உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மகன் குபான் இருந்தால் அவன் செய்திருப்பான். குபான் இரண்டு வருஷமாக சைபீரியாவில் கட்டட வேலையில் இருந்தான். அவன் போனதால்தான் ஜூமாலி தனியாக மலையேற வேண்டியிருந்தது. காலொடிந்த பசுவுக்காகவும் இந்தக் கிழங்குக்காகவும் புர்மாகான் தனியாகக் கீழே கிடக்க வேண்டியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஜூமாலி குதிரைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பட்டணத்து டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்து, மலையெல்லாம் வேண்டாம் என்றார். ஆடுகளுக்கு அது எப்படித் தெரியும்? போனார்.

மத்தியானம் அவள் வீட்டுக்குள் வந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் ஜூரா காரணமில்லாமல் வெண்ணெய் கொண்டுவந்ததும், ஊற்றிய தேநீரைத் தொடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், போகும்போது அவள் தோளை ஒருமுறை தடவியதும் நினைவுக்கு வந்தன. என்னவோ இருக்கிறது என்று தோன்றியது. அதை யோசிக்கக்கூடத் தெம்பில்லை. பசுவின் காலைப் பற்றி மாட்டு டாக்டரிடம் கேட்கலாம் என்று கருவியை எடுத்துத் திறந்தாள்.

மூத்தவர் பேசிக்கொண்டிருந்தார். நாரினில் இருக்கும் பெரியப்பா மகனிடம். வழக்கம்போல் வைத்துவிடத்தான் போனாள். அதற்குள் மகனின் பெயர் காதில் விழுந்தது.

"குபானோட உடம்பு நாளைக்குத்தான் பட்டணம் வருதாம். சாரத்திலேர்ந்து விழுந்திருக்கான், அங்கேயே முடிஞ்சிருச்சு. இதுங்க ரெண்டுக்கும் இன்னும் தெரியாது. பொம்பளைகிட்ட ஜூராவை அனுப்பி ஒரு கண்ணு வெச்சிருக்கேன். சாயங்காலம் நாலு பெரியவங்க வந்ததும் அவளுக்குச் சொல்லிடுவோம். மலையிலேர்ந்து அவனை விருந்துன்னு சொல்லிக் கூட்டி வர அஷிம் நாளைக் காலைல கிளம்புறான். நெஞ்சு சரியில்லாதவன், தனியா இருக்கையில அவன் காதுல விழக்கூடாது."

அவர் 'காதுல விழக்கூடாது' என்று சொல்லி முடிக்கும் முன்பே விசில் வந்திருந்தது. எப்போதிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கருவியைத் திறந்த கணத்திலிருந்தே இருந்ததோ, நடுவில் வந்ததோ. மெல்லிய, விடாத விசில். மலையெலி.

ஓமுர்பெக் பேசிக்கொண்டே போனார். இப்படிப்பட்ட பேச்சுக்கு முன்னால் அவர் ஜாக்கிரதையாக ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக் கேட்டிருப்பார். விசில் இல்லை, ஆகவே யாரும் இல்லை என்று தீர்மானித்திருப்பார். அவருக்கு அந்த மாதிரி மெல்லிய சத்தங்கள் கேட்காமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஊருக்கே தெரியும். அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, மனைவியிடம்கூட.

அந்தப் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் வெறுமனே சொல்லிவிடுவதில்லை. அதற்குக் கேட்கவைத்தல் என்று ஒரு முறை இருக்கிறது. உரியவர் தனியாக இருக்கும்போது அது அவர் காதில் விழவே கூடாது. பெரியவர்கள் கூடி, தண்ணீர் தயாராக வைத்து, இரண்டு பக்கமும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்தவர் எல்லோரும் போகிறவர்தான் என்று சுற்றி வளைத்துத் தொடங்கிச் சொல்வார்கள். அதுவரைக்கும் ஊரே கூசாமல் பொய் சொல்லும். புர்மாகானே சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "உன் தம்பிக்கு லேசாக் காய்ச்சலாம், வா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கூட்டிப்போனவள்தான்.

இப்போது அவள் காதில் விழுந்துவிட்டது, கிழங்கு மண் ஒட்டிய கையோடு, அடுப்பு அணைந்த வீட்டில், தனியாக. அவளுக்கு உடனே அழுகை வரவில்லை. குபான் என்ற பெயர் எங்கேயோ தூரத்தில் நின்றது. கிட்டத்தில் இருந்தது அந்த விசில்தான். அதன் மறுமுனையில் ஜூமாலி இருந்தார். அவரையும் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

மூத்தவர் போனை வைத்தார். கம்பியில் டூ, டூ என்று சத்தம் வந்தது. விசில் நிற்கவில்லை.

"ஏங்க," என்றாள். "கிழவரே. நான்தான். கேட்டுட்டீங்களா?"

டூ, டூ. விசில். அவர் என்ன கத்தினாலும் பெட்டி அதை எடுக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பேசுவது அவருக்குக் கேட்கும். பெட்டி அவளுடையதை வாங்கித் திரும்பக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது.

"பேசாதீங்க, வராது. நான் சொல்றது கேட்டா, பட்டனை ஒரு தடவை அமுக்கி அணைங்க. அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க. விசில் நின்னு திரும்ப வந்தா, நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

காத்திருந்தாள். டூ, டூ சத்தம் அலுத்துப்போய் நின்றது. விசில் அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒருவேளை புரியவில்லையோ என்று மறுபடி சொன்னாள். மெதுவாக, மாத்திரை விழுங்காத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பட்டன் பச்சைதான், பெருவிரல் பக்கம் இருப்பது, அதை ஒரு தடவை. விசில் நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திறந்த கருவி புல்லில் கிடந்தாலும் விசில் வரும். அதற்குப் பக்கத்தில் மனிதர் விழுந்து கிடந்தாலும் வரும்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. வயர் போன். அங்கே போய், அதை எடுத்து, தன் கருவியை அணைத்தால் பெட்டி அவர் பக்கம் திரும்பும். மூச்சு இருந்தால் மூச்சு கேட்கும். ஆனால் அங்கே போவது என்றால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று போவது. சாயங்காலம் பெரியவர்கள் வந்து முறையாகச் சொல்வதற்குக் காத்திருந்தால் மரியாதை காப்பாற்றப்படும். காத்திருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் பயமாக இருந்தது. உட்கார்ந்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது.

எழுந்தாள். முக்காட்டைக்கூடச் சரிசெய்யவில்லை. கருவியைக் காதில் வைத்தபடியே வாசலைத் தாண்டினாள்.

"வந்துட்டே இருக்கேன்," என்று பேசிக்கொண்டே நடந்தாள். "வெச்சிடாதீங்க. மாத்திரை சட்டையோட உள்பையில இருக்கு. இடது பக்கம். நான்தான் தைச்சேன், பொத்தான்கூட வெச்சிருக்கேன். நாக்குக்கு அடியில வையுங்க. முழுங்கிடாதீங்க. பசுவுக்குக் கால் பரவாயில்லை. கிழங்குக்குப் பாதி மண் அணைச்சாச்சு." பசுவின் கால் உண்மையில் தேறவில்லை. அதைப் பற்றி யாருக்கு இப்போது கவலை? வாய் நின்றால் அவர் தனியாகிவிடுவார் என்பது போல அவள் பேசினாள்.

தெரு அவ்வளவு நீளமாக அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரி, தம்பி செத்துப்போனவள், வேலியோரம் நின்றிருந்தாள். புர்மாகானின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு ஐந்தாறு அடி பின்னால் நடந்து வரத் தொடங்கினாள். முறை அவளுக்கும் தெரியும். தனியாக விடக் கூடாது.

ஓமுர்பெக்கின் வாசலில் குதிரைகள் கட்டியிருந்தன. உள்ளே வெள்ளைக் கம்பளித் தொப்பிகளோடு நாலைந்து பெரியவர்கள், சாயங்காலத்துக்கென்று முன்கூட்டியே வந்து, என்ன வார்த்தையில் தொடங்குவது என்று கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது. ஜூரா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். ஓமுர்பெக் அவசரமாக ஒரு சிரிப்பை ஏற்பாடு செய்துகொண்டு, வா தாயி, சும்மா பழைய பேச்சுப் பேசிக்கொண்டிருந்தோம் என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு இரக்கமாக இருந்தது.

அவள் நிற்கவில்லை. விரிப்பின்மேல் ஏறி, நீட்டியிருந்த கால்களைத் தாண்டி, பெரியவர்களின் நடுவே நடந்து, தலைப்பக்கத்துக்குப் போனாள். யாரோ ஒருவர் திகைத்துத் தன் தாடியைப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் தடுக்கவில்லை.

"பெரியவரே," என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உரக்க ஒலித்தது அதுதான் முதல்முறை. "நான் கேட்டுட்டேன். அவரும் கேட்டுட்டார்."

"விசில் வரலியே," என்றார் ஓமுர்பெக். பிறகு அவர் கை தானாகக் காதுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகம் அப்படி இடிந்து போகும் என்று அவள் நினைத்ததில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டும். அவளிடம் மிச்சம் இருந்த தெம்பு ஒரு காரியத்துக்குத்தான் போதும்.

வயர் போனை எடுத்தாள். இடது காதில் அது, வலது காதில் கருவி. இரண்டிலும் அதே விசில். இனிக் கருவியை அணைக்க வேண்டும். பெருவிரலைப் பட்டன்மேல் வைத்தாள். அழுத்த முடியவில்லை. இதை அணைத்து, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? விசில் இருக்கும் வரைக்கும் அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

"கிழவரே, நான் இதை அணைக்கப்போறேன். பயப்படாதீங்க. பெரிய போன்ல வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

அழுத்தினாள்.

விசில் போயிற்று. அறையில் ஒரு தொப்பிகூட அசையவில்லை. முதலில் காற்று கேட்டது, புல்லை அடித்துக்கொண்டு போகிற மலைக்காற்று. தூரத்தில் நாய் குரைத்தது. பிறகு, மிகக் கிட்டத்தில், ஒருவர் மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"மாத்திரை வெச்சீங்களா?"

"ம்," என்றது மலை.

பக்கத்து வீட்டுக்காரி பின்னாலிருந்து அவளுடைய ஒரு முழங்கையைப் பிடித்தாள். ஜூரா இன்னொன்றைப் பிடித்தாள். வாசலோரம் உட்கார்ந்திருந்த அஷிம் ஏற்கனவே வெளியே ஓடி, குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர் ஏறினார்கள்.

புர்மாகான் ரிசீவரை மூத்தவரின் பக்கம் நீட்டினாள்.

"சொல்லுங்க," என்றாள். "முறைப்படி, முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்கும் அவருக்கும் சேர்த்து. தனியாக் கேட்டது கேட்டதா இருக்க வேணாம்."

ஓமுர்பெக் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். கால்மடித்து ரிசீவருக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறந்தவர் எல்லோரும் போகிறவர்தான், தம்பி, என்று தொடங்கினார். அரசாண்ட கான்களும் போனார்கள், கடலைக் கடந்தவர்களும் போனார்கள், நம் அப்பாவும் போனார் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசியில் குபானின் பெயரைச் சொன்னார். பெயர் வந்ததும் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாக ஓங்கி அழுதார்கள். என் மகனே, என் மகனே என்று ஆண்கள் அலறுகிற அந்த அலறல், பெண்களின் ஒப்பாரி, எல்லாம் கம்பியில் ஏறி, பெட்டியில் புகுந்து, கூரைக்குழாய் வழியாகக் காற்றில் போயிற்று. அப்போதுதான் புர்மாகானுக்கு மகன் செத்தான். அவள் அழுதாள். அழுதபடியே ரிசீவரை அறையின் நடுவில் உயர்த்திப் பிடித்திருந்தாள், அவருக்கு எல்லோரும் கேட்க வேண்டும் என்று. கை மரத்துப்போனது. ஜூரா வாங்கிக்கொள்ள வந்தாள், கொடுக்கவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் போனை யாரும் வைக்கவில்லை. நடுநடுவே யாராவது போய் அதில் ஏதாவது சொன்னார்கள். அங்கிருந்து சில சமயம் 'ம்' வந்தது, சில சமயம் அழுகை, சில சமயம் ஆடுகள். கடைசியில் குளம்புச் சத்தம் கேட்டது, பிறகு அஷிமின் குரல்.

"அண்ணி, வந்து சேர்ந்துட்டோம். புடிச்சுக்கிட்டோம். நீங்க வெச்சிடுங்க. அண்ணன் கையிலேர்ந்து இதை வாங்க முடியல, விரலைப் பிரிக்கவே முடியல."

"அவர்கிட்ட குடு," என்றாள்.

மூச்சு வந்தது.

"அவ்வளவு நேரம் கத்தினேனே," என்றாள் புர்மாகான். அவள் குரல் கரகரத்துப்போயிருந்தது. "ஒரு தடவை அமுக்கிட்டுத் திரும்பப் போடுங்கன்னு. கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அமுக்கல? செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

காற்று அடித்தது.

"அமுக்கினப்புறம் திரும்ப வரலைன்னா? பையன் போயிட்டான்னு இப்பதான் கேட்டேன். உன் குரலும் போயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன், கிழவி."